சம்பந்தி பூட்டிய சர்வர்

பேத்தியின் மூக்கு என்னுடையதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கண் வேண்டுமானால் சம்பந்தி வீட்டுக் கண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும், விட்டுக்கொடுக்கிறேன். பச்சைப் பிள்ளை, பாதி நேரம் கண்ணை மூடித்தானே இருக்கிறது? மூக்கை மூட முடியாது. பகலும் ராத்திரியும் எங்கள் வீட்டுப் பெருமை அந்த முகத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்.

"அப்பா, மூக்கைப் பத்தி யாரு கேட்டா? அந்த அண்ணே ஆதார் பிரிண்ட் எடுக்கணும்னு வந்திருக்காரு. அவர விடுங்க" என்றாள் என் மகள் சுடர்விழி.

விட்டுவிட்டேன். அவரும் தப்பித்தால் போதும் என்று உள்ளே போய்விட்டார். நான் சொல்ல வந்ததும் பேத்தியைப் பற்றி அல்ல, பேத்தியின் அம்மாவைப் பற்றித்தான். பேத்தி நடுவில் நடுவில் வந்துவிடுவாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

கறம்பக்குடியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சுடர்விழி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். கூடத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கழித்துக் கட்டியவை. எல்லாவற்றிலும் டிஸ்க் செத்துப்போயிருந்தது. டிஸ்க் என்றால் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும் இடமாம். இவள் ஸ்க்ரூவைக் கழற்றி, செத்த டிஸ்கையெல்லாம் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாள். புதிதாக ஒன்றும் வாங்கி மாட்டவில்லை.

அதைப் பார்த்துவிட்டு என் சம்பந்தி திருப்பதி சிரித்தார். கந்தர்வக்கோட்டைக்காரர், முந்திரித் தோப்பு இருக்கிறது. அவர் மகன் வெற்றிசெல்வன்தான் என் மாப்பிள்ளை, கத்தாரில் வேலை.

"என்ன தாயி, உள்ள ஒண்ணுமே இல்லாத பொட்டியா வாங்கி அடுக்கிருக்க? இது எப்புடி ஓடும்?"

"உள்ள ஒண்ணும் இல்லாம ஊருக்குள்ள எத்தன பேரு ஓடுறாங்க மாமா. இது ஓடாதா?"

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாரைச் சொன்னாள் என்று இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் தீரவில்லை.

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. முன்பு அண்டா, குண்டான் போட்டு வைத்திருந்தோம். அதில் ஒரே ஒரு பெரிய பெட்டி வைத்தாள். அந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்து இதுதான் மூளை, இதற்குப் பெயர் சர்வர் என்றாள். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஏனென்றால் முட்டி தேயும் வரை நான் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் இன்றைக்கும் என்னை "சர்வர் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னத்தா, என் பேரைப் போயி பொட்டிக்கு வெச்சிருக்க?"

"வேலையும் ஒங்க வேலைதாம்ப்பா. அந்தப் பன்னண்டும் பந்தியில ஒக்காந்திருக்குற ஆளுன்னு வெச்சுக்கங்க. முன்னால வெறும் எலைதான். சுவிச்சைப் போட்டதும் எல்லாம் ஒரே நேரத்துல கத்தும், 'யாராச்சும் இருக்கீங்களா? நான் யாரு? எனக்கு என்ன இருக்கு?'ன்னு. சின்ன ரூமு சர்வரு ஓடியாந்து, 'நீ நாலாம் நம்பரு, இங்கிட்டு ஒக்காரு. நீ அஞ்சு, அங்கிட்டுப் போ'ன்னு மொதல்ல நம்பரைக் குடுக்கும். பெறகு ஒயரு வழியா ஒவ்வொண்ணாப் பரிமாறும். சாயங்காலம் நிறுத்துனா எலையை எடுத்துப் போட்ட மாதிரி ஒண்ணும் மிஞ்சாது. மறுநா புது எலை, புதுச் சாப்பாடு."

"டிப்ஸு உண்டா?"

"ஒங்களுக்கே எவனும் வெச்சதில்ல. அதுக்கா வெக்கப்போறாங்க?"

இதுதான் சுடர்விழி. சமையல் ஒரே அடுப்பில் நடப்பதால் அவளுக்கு வேலையும் மிச்சம், விளையாட்டுக்கும் வசதி. டைப் அடிக்க வந்துவிட்டு யாராவது கேம் ஆடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அந்த ஆள் திரையில் மட்டும், "உங்க அம்மாவுக்கு போன் போட்டாச்சு, வந்துகிட்டே இருக்காங்க" என்று எழுத்து வரும். ஒருமுறை அப்படி வந்ததைப் பார்த்துப் பதறி எழுந்து ஓடியவருக்கு ஐம்பது வயது. கிராம நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்.

பிள்ளை பிறந்த பிறகுதான் சிக்கல் வந்தது. பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் அரசாங்க வகுப்பு ஒன்று எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. ஊருக்கு ஒரு சென்டருக்குத்தான் கொடுப்பார்கள். பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இன்னொரு சென்டர் இருக்கிறது. அவர்களும் கேட்டிருந்தார்கள். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பன்னிரண்டு கம்ப்யூட்டரும் அவர் கண் முன்னால் ஓடவேண்டும். ஓடினால் வகுப்பு சுடர்விழிக்கு. இல்லையென்றால் சென்டரை மூடிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்கு வந்துவிடுவதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அங்கே முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் மேற்பார்வை பார்க்க அவளுக்காக ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது.

வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் மகள் வாயிலிருந்து ஒரு கேலியும் வராது. அவள் வாய் மூடி நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் நல்ல இடி. சர்வருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று அதை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கி வைத்தாள். விடிந்ததும் பிளக்கைச் சொருகினாள், பட்டனை அமுக்குவதற்குள் பிள்ளை அழுதது. அன்றைக்குத் தடுப்பூசி நாள் வேறு. அதிகாரி மத்தியானம்தான் வருவார், அதற்குள் திரும்பிவிடலாம் என்று நானும் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். பேத்தியைப் பார்க்க வந்திருந்த சம்பந்தி வீட்டில் இருந்தார்.

சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மனிதருக்குப் பூட்டு என்றால் உயிர். முந்திரிக் கொட்டகைக்குப் பூட்டு, மோட்டார் ரூமுக்குப் பூட்டு, பிரிட்ஜுக்குக்கூட ஒரு பூட்டு. பேத்தியைப் பார்க்க வந்த பையிலேயே முந்திரிப்பருப்பு, கிரைப் வாட்டர், கூடவே ஒரு திண்டுக்கல் பூட்டும் இருந்தது. வந்ததிலிருந்து, "இம்புட்டு வெலையுள்ள சாமான் இருக்கு, இந்தச் சின்ன ரூமுக்கு ஒரு பூட்டு இல்லையே சம்பந்தி" என்று என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்.

ஊசி போடும் இடத்தில் வரிசை நீண்டுகிடந்தது. நடுவில் போன் வந்தது. அதிகாரி பக்கத்து ஊரில் வேலையை முடித்துவிட்டாராம், சீக்கிரமே வருகிறாராம். சுடர்விழி உடனே மாமனாருக்குப் போன் போட்டாள்.

"மாமா, எனக்கு ஒரு ஒதவி. சின்ன ரூமு இருக்குல்ல, அந்த சர்வர மட்டும் பூட் பண்ணி விட்ருங்க."

"இப்பவாச்சும் சொன்னியே தாயி! இதத்தானே நான் வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"பெரிய வேலை இல்ல மாமா. ஒரே அமுக்கு. 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்."

"எனக்கா சொல்லித் தர்ற? நீ பிள்ளையப் பாரு."

எனக்கும் பக்கத்தில் நின்று கேட்டபோது தப்பாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்.

பேத்தி ஊசிக்கு வீரமாக அழுதாள். வீட்டுக்கு வந்தோம். சின்ன அறைக் கதவில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. சம்பந்தியைக் காணோம்.

சுடர்விழி பூட்டைப் பார்த்தாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பஸ்ல தாயி. முந்திரி வியாபாரி வந்து நிக்கிறான்னு போன் வந்துச்சு, கெளம்பிட்டேன். நீ சொன்ன வேலைய சுத்தமா முடிச்சிட்டேன்."

"என்ன முடிச்சீங்க?"

"பூட்டிட்டேன். நீ சொன்ன மாதிரியே ஒரு அமுக்கு, டக்குன்னுச்சு. ரெண்டு தரம் இழுத்தும் பாத்துட்டேன்."

"ஐயோ மாமா, பூட்டச் சொல்லல. பூட் பண்ணச் சொன்னேன்!"

"அதத்தானே நானும் பண்ணேன்?"

"பூட்டுன்னா பூட்டு இல்ல மாமா. எழுப்பி விடுறது."

"எழுப்பி விடுறதுக்கு எவனாச்சும் பூட்டுன்னு பேரு வெப்பானா?"

எனக்கு அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

"சாவி எங்க மாமா?"

"அத ஏன் கேக்குற? எவன் கையிலயும் சிக்காது. எங்கிட்டதான் இருக்கு."

இறங்கி, எதிர் பஸ் பிடித்து வரச் சொன்னாள். எதிர் பஸ் அவ்வளவு லேசில் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். வேண்டுமென்றே செய்தாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. பிறகு யோசித்தேன். அவருக்கு அவ்வளவு விவரம் கிடையாது.

"ஒடச்சிருவமா?" என்று உலக்கையைத் தேடினேன்.

"ஒலக்கைதாம்ப்பா ஒடையும்" என்றாள். கேலி செய்கிற குரலில் அதைச் சொல்லவில்லை. தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு, பூட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்வர் உள்ளே தூங்குகிறது. வெளியே பன்னிரண்டு பெட்டி, ஒன்றுக்குள்ளும் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலி என் கண்ணுக்கே தெரிந்தது.

வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள். ஓடிப்போய் பீரோவைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பை எடுத்து வந்தாள். பெரிய சர்வரில் எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் இதில்தான் செய்து பார்ப்பாள், அதனால் அதில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கும். ஹோட்டல் மாஸ்டர் குழம்பை இறக்குமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது போல.

"அப்பா, பந்திக்குப் பரிமாற யாரு வந்தா என்ன? வாளியில சோறு இருந்தாச் சரி. சாருக்கு மோர் குடுங்க. மெதுவாக் குடுங்க."

நல்லவேளையாக எல்லா ஒயரும் வந்து சேர்கிற சின்னப் பெட்டி கூடத்துச் சுவரில் இருந்தது. லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயரை அதில் சொருகிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் என் அனுபவத்தையெல்லாம் காட்டி மோரை ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். மோரை யாராவது ஆற்றுவார்களா என்று அதிகாரி விநோதமாகப் பார்த்தார். ஆனந்தராஜ் என்று பெயர். சிரிக்காத முகம்.

"ஆன் பண்ணுங்கம்மா, பாப்போம்" என்றார்.

பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அப்புறம் புள்ளி. இன்னொரு புள்ளி.

"இது என்ன, புள்ளி புள்ளியா வருது?"

"பசிக்குதுன்னு அர்த்தம் சார்."

புள்ளி நின்றது. முதல் திரை பளிச்சென்று விழித்தது. அப்போதுதான் சுடர்விழி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரை நிறைய என் பேத்தி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, வாய் முழுக்கக் கொட்டாவி. அடுத்த திரையிலும் அவள்தான். அதற்கடுத்ததிலும். கூடம் முழுக்கப் பன்னிரண்டு மூக்கு, பன்னிரண்டும் என்னுடையது.

வெற்றிசெல்வன் பிறந்தநாளுக்கு வீடியோ எடுத்து அனுப்ப இதை அந்த லேப்டாப்பில் செய்து வைத்திருந்தாளாம். மறந்துவிட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் பேத்தியைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது பாடியதையும் எனக்குத் தெரியாமல் பதிந்து அதில் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டராக என் குரலில் ஆரம்பித்தது.

"ஆராரோ... ஆரிரரோ... ரெண்டு இட்லி ஒரு வடை... சட்னி தனியா, சாம்பார் தனியா... ஆராரோ... மூணாம் டேபிளுக்குக் காபி, சர்க்கரை கம்மி..."

எனக்குத் தெரிந்தது அதுதான். அதைத்தானே பாட முடியும்? ஆனால் பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கியதால், ஒன்று வடையில் இருக்க இன்னொன்று காபிக்கு வந்திருந்தது. கோயில் திருவிழா அன்று கூட்டம் மொத்தமாக இறங்கின ஹோட்டல் மாதிரி ஆகிவிட்டது கூடம். கடைசியில், "முறுகலா ஒரு நெய் ரோஸ்ட்டு" என்று முதல் பெட்டி சொன்னதும் தொட்டிலில் தூங்கிய என் பேத்தி வீறிட்டாள். அவளுக்கு எப்போதும் அந்த இடத்தில்தான் பசி வரும்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "யாரு பாடுனது?"

"அப்பா சார்" என்றாள்.

"எந்த ஓட்டல்?"

சொன்னேன்.

"காலையிலேருந்து நான் சாப்புடலங்க" என்றார் பரிதாபமாக. பிறகு முகத்தை நிமிர்த்திக்கொண்டு, "இதெல்லாம் வகுப்புல இருக்கக்கூடாதும்மா. பன்னண்டுலயும் இத எடுக்கணும். எத்தன நாளாகும்?" என்று கேட்டார்.

சுடர்விழி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மறு கையால் லேப்டாப்பில் எதையோ தட்டினாள். பன்னிரண்டையும் அணைத்துப் போட்டாள். மறுபடி கறுப்புத் திரை, புள்ளி, பசி. இந்தமுறை எல்லாத் திரையும் சுத்தமாக, நல்ல பிள்ளையாக விழித்துக்கொண்டன. அதிகாரி ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பெயரை அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணொண்ணாத் தொறந்து மாத்தலையே?"

"கொழம்புல உப்புக் கூடுனா எலை எலையாவா சார் சரிபண்ணுவோம்? அண்டாவுலதான்."

"சர்வர் எங்க?"

"இன்னைக்கு இதுதான் சார்" என்று லேப்டாப்பைக் காட்டினாள். "பெரிய சர்வர் அந்த ரூமுக்குள்ள இருக்கு. ரூமுச் சாவி பஸ்ல வந்துகிட்டு இருக்கு."

நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பூட் என்றதையும் பூட்டு என்று ஆனதையும் சொன்னபோது அந்தச் சிரிக்காத மனிதருக்கு முதலில் மீசை ஆடியது, பிறகு தோளும் குலுங்கியது. அடக்க முடியாமல் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து சம்பந்தி வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றார். எதிர் பஸ் வரவில்லையாம், சரக்கு ஆட்டோவில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார். கையில் சாவி.

"பூட்டுனது நீங்களா?" என்றார் அதிகாரி.

சம்பந்தி சாவியை நீட்டினார். "தெரியாமப் பண்ணிட்டேங்க. பிள்ளை பொழப்புல..."

"சர்வர் ரூம் எப்பவும் பூட்டிதான் இருக்கணும், அதுதான் விதி. நான் போற எடத்துல ஒருத்தரும் செய்யிறதில்ல. அந்த ஏசி சென்டர்லயும் தெறந்துதான் கெடந்துச்சு. அதோட இங்க ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடுது."

அவ்வளவுதான். சம்பந்தியின் தலை நிமிர்ந்தது. அன்றிலிருந்து இன்னும் குனியவில்லை. வகுப்பு சுடர்விழிக்குத்தான் என்று தகவல் வந்ததும் கந்தர்வக்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டார், "நான் பூட்டலைன்னா என் மருமகளுக்குக் கெடச்சிருக்காது" என்று. பாடியது நான். பெயர் பூட்டுக்காரருக்கு. அந்த நாற்காலியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதில் தானே உட்கார்ந்திருக்கிறாராம்.

இன்றைக்குத்தான் வகுப்பு தொடங்குகிறது. விடிந்ததும் சம்பந்தி போன் செய்து, "தாயி, நான் வந்து பூட்டணுமா?" என்று கேட்டார். "வேணாம் மாமா, அது எந்திரிச்சிருச்சு" என்று வைத்துவிட்டாள். வாசலில் பெண்கள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஒவ்வொரு திரையாக விழித்தது. சுடர்விழி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கண் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தது, மூக்கு அப்படியே என் மூக்கு.

"பன்னண்டையும் நான் எழுப்பிட்டேம்ப்பா" என்றாள். "பதிமூணாவத நீங்க தூங்க வைங்க. பாட்டு வேணும்னாப் பாடிக்கங்க. ஆனா நெய் ரோஸ்ட்டுக்குப் போயிறாதீங்க, காபியோட பில்லைப் போட்ருங்க."